ஹாக்கி ஆட்டமும் இடக்கைக் கையுறையும்

ஹாக்கி ஆட்டத்தை முதன்முறை காண வருவோர் பலரும் கேட்கும் வினா ஒன்றுண்டு. "ஆடுவோருட் பலர் இடக்கைக்கு மட்டும் உறை அணிந்துள்ளனரே! மற்றொன்று எங்கே போயிற்று?" என்பர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னை மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய வாகையர் கோப்பைப் போட்டி நிகழ்ந்து, இறுதியாட்டத்தில் இந்திய அணி மலேசிய அணியை 4-3 என வென்றது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடைபெற்றன. இவற்றைக் காணச் சென்ற நம்மவர் பலர் வெற்றியைப் பற்றிப் பேசிய பின்னர் இவ்வொற்றைக் கையுறையைப் பற்றியும் பேசியே வீடு திரும்பினர். வினா சிறிது, ஆயினும் அதன் விடையை அறியாதவர்கள் பார்வையாளர் மட்டுமல்லர். கையுறையை விலை கொடுத்து வாங்குவோரும், அணிந்து ஆடுவோரும், அணிக்கெல்லாம் மொத்தமாக வாங்கிக் கொடுப்போருங்கூட அதனைச் செவ்வனே ஆராய்ந்தவர்களாகத் தோன்றவில்லை. ஆதலின் இப்பொருள்பற்றி என் கருத்தைச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறேன்.

முதற்கண் மட்டையின் இயல்பை நோக்குவோம். ஹாக்கி மட்டையின் இடப்புறம் தட்டையாகவும் வலப்புறம் உருண்டும் இருக்கும். தட்டையான முகத்தாலும் அதன் விளிம்புகளாலுமே பந்தைத் தொடலாம். உருண்ட புறத்தால் தொடுதல் குற்றம். கிரிக்கெட்டிலும் டென்னிசிலும் இடக்கையர் தமக்கு இயைந்தவாறு மட்டையை மாற்றிப் பிடித்துக்கொள்கின்றனர். ஹாக்கியிலோ இடக்கையர்க்கெனத் தனி மட்டை இல்லை. விதி அதற்கு இடந்தரவில்லை. எனவே உணவு உண்பதும் எழுதுவதும் எக்கையாலாயினும், ஹாக்கி ஆட வந்தவர் எவரும் இடக்கையைக் கைப்பிடியின் நுனியிலும் வலக்கையை அதற்குக் கீழும் வைத்தே ஆடுதல் வேண்டும்.

மட்டை நிமிர்ந்து நிற்கும்வரை இடக்கைக்கு அச்சமில்லை. ஏறக்குறைய மூன்றடி நீளமுள்ள மட்டையின் உச்சியில் அஃது இருக்கின்றது. பந்தோ தரையில் உருள்கின்றது. ஆனால் எதிரி பந்தை அடிக்க ஓங்குகின்றான்; அதனைத் தடுக்கும் வீரன் முழங்காலை மடித்துத் தாழ்ந்து, மட்டையைத் தரையோடு தரையாகப் படுக்கவைக்கின்றான். அந்த நொடியிலே மாடியில் இருந்தவன் வீடு சாய்ந்ததும் தெருவிற் கிடப்பது போல, உச்சியில் இருந்த இடக்கை தரைக்கு வந்துவிடுகின்றது. விரல்களின் முட்டிகள் தரையில் உராய்கின்றன. விரல்களின் புறமோ வரும் பந்திற்கு எதிரே நிற்கின்றது. பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கல்லைப் போலக் கடினமான அப்பொருள் விரைந்து வந்து சுண்டுவிரலின் மீதோ மோதிர விரலின் மீதோ மோதினால் விளைவது யாதென்று சொல்ல வேண்டுவதில்லை. இடப்புறமாக எதிரி கடந்து செல்லுங்கால் வலக்கையை விட்டுவிட்டு, இடக்கை ஒன்றாலேயே மட்டையைத் திருப்பி நீட்டித் தடுப்பதும் உண்டு. மட்டையைத் தலைகீழாகத் திருப்பி விளிம்பால் வீசியடிக்கும் அடியிலும் இடக்கை நிலத்தை ஒட்டியே செல்லும். இவ்வளவு வேலையும் இடக்கைக்கே வாய்த்துள்ளமையால் உறையும் இடக்கைக்கே உரியதாயிற்று.

முற்காலத்து வீரர் உறையின்றி ஆடினரே என்று வினவுவாரும் உளர். உண்மை. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் முதல் 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் வரை இந்தியா தொடர்ந்து ஆறு முறை ஒலிம்பிக் தங்கம் பெற்றது. முதல் மூன்று முறை ஆடிய தியான் சந்தின் படங்களில் அவர் வெறுங்கையுடனேயே காணப்படுகிறார். ஆயின் அவர்கள் ஆடியது புல்தரையில். அங்கே பந்து துள்ளும். தரையின் மேடு பள்ளத்திற்கேற்ப வழி மாறும். அத்தகைய தரையில் மட்டையைப் படுக்கவைத்துத் தடுப்பதனால் பெரும்பயன் இல்லை. பந்து அதன்மேல் தாவிச் சென்றுவிடும். மட்டையை நிமிர்த்தி நிற்பவனே பிழைப்பான். பெனால்டி கார்னரில் ஒருவன் கையாலேயே பந்தை நிறுத்திக் கொடுக்க, மற்றொருவன் அடிப்பதும் அக்காலத்து வழக்கம். பின்னர் அது விலக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரை விரிக்கப்பட்டது. ஆட்டத்தின் முகமே மாறிற்று. இந்திய அணி அவ்வாண்டு ஏழாம் இடத்தைப் பெற்று வருந்தித் திரும்பியது. நான்காண்டுகள் கழித்து மாஸ்கோவில் தமிழகத்தவரான வி. பாஸ்கரன் தலைமையில் அதே செயற்கைத் தரையில் தங்கம் வென்றதும் நாம் அறிந்ததே. கண்ணாடி போற் சமமான இத்தரையில் பந்து நேராகவும் விரைவாகவும் வருதலின், மட்டையைப் படுக்கவைத்துத் தடுத்தல் சிறந்த காப்பாயிற்று. மட்டை படுத்தது, கையும் தரைக்கு வந்தது. தோலை அரம்போல் அராவும் செயற்கைத் தரையே கையுறையை இன்றியமையாததாக்கியது. ஆதலின் தியான் சந்தின் வெறுங்கையைச் சான்று காட்டிக் கையுறையைப் பழித்தல், வண்டிச்சாலையில் நடந்தவரைச் சான்று காட்டி இருப்புப்பாதையை நடுவில் கடக்கலாம் என்பது போன்றதாம்.

இனி நான் கூறவந்த செய்திக்கு வருகிறேன். இடக்கை மிகுதியாக அடிபடும் கை என்பதைக் கண்டோம். அக்கையே மிகுதியாக நுண்தொழில் புரியும் கையும் ஆகும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நம் நாட்டார் வளர்த்த பந்துருட்டும் முறையை மேனாட்டாரும் 'இந்திய உருட்டல்' என்றே வழங்குகின்றனர். அதில் பந்தை இடமும் வலமுமாக மாறி மாறி இழுத்துச் செல்லுமாறு மட்டையைக் கணந்தோறும் திருப்புவது இடக்கையே. வலக்கை இறுகப் பிடிப்பதில்லை. மட்டை தன்னுள்ளே சுழலுமாறு ஒரு வளையம் போல் தளர்ந்து நிற்கும். திருப்புவோன் இடக்கை, தாங்குவோன் வலக்கை எனச் சுருங்கச் சொல்லலாம். வீணையில் நரம்பை அழுத்தும் விரலுக்கு உறை மாட்டினால் இசை என்னாகும்? அக்கேடே தடித்த கையுறையால் ஹாக்கி வீரனுக்கு நேர்கின்றது. காப்பு மிக வேண்டும் கைக்கே உணர்ச்சியும் மிக வேண்டும் என்பதே இதிலுள்ள சிக்கல். தடிப்பை மட்டும் பார்த்து வாங்குவோன் விரலைக் காத்து ஆட்டத்தை இழப்பான். மென்மையை மட்டும் பார்ப்போன் சில நாள் நன்றாக ஆடிப் பின்னர்ப் பல நாள் கட்டுப்போட்ட கையோடு எல்லைக்கோட்டிற்கு வெளியே அமர்ந்திருப்பான்.

இச்சிக்கலை அவிழ்க்கும் வழி கையின் அமைப்பிலேயே உள்ளது. தரையையும் பந்தையும் எதிர்கொள்வது புறங்கை. மட்டையை உணர்வது உள்ளங்கை. ஆகவே புறங்கைக்குக் கவசம், உள்ளங்கைக்கு உரிமை என்பதே நான் கொண்ட அளவுகோல். கையுறையை விற்பவர் முதலில் அதன் புறத்தை அழுத்திக் காட்டி, "எவ்வளவு உறுதி பாருங்கள்" என்பார். வாங்குவோன் அதனோடு நில்லாமல் அதனைத் திருப்பி உட்புறத்தைத் தடவிப் பார்த்தல் வேண்டும். விலையின் பெரும்பகுதி புறத்தில் உள்ளது. ஆட்டமோ உட்புறத்தில் உள்ளது.

ஈண்டுத் தமிழ் பயிலும் மாணவன் ஒருவனுக்கு இயல்பாகத் தோன்றும் ஓர் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். அகப்பொருள் நூல்களில் 'கையுறை' என்றால் கைக்கு இடும் உறை அன்று. தலைவன் தலைவியின் பொருட்டுத் தோழியிடம் கொண்டுவந்து கொடுக்கும் தழையும் பூவும் முதலிய காணிக்கையே கையுறை. தோழி அதனை உடனே ஏற்பதில்லை. 'இத்தழை எம் மலையில் இல்லாதது. இதனை அணிந்தால் ஊரார் ஐயுறுவர்' என்று கூறி மறுப்பாள். இதற்குக் 'கையுறை மறுத்தல்' என்று பெயர். வகுப்பில் அதனைப் பாடங் கேட்ட அன்று மாலையே மைதானத்தில் நம் நண்பர்கள் மற்றொரு வகைக் கையுறை மறுத்தலை நிகழ்த்துவதைக் காண்கிறேன். தோழியாவது காரணம் சொல்லி மறுக்கிறாள். நம்மவரோ, ஏன் அணியவில்லை என்று கேட்டால் சிரித்துவிட்டு ஓடிவிடுகின்றனர். காரணம் இல்லாமல் இல்லை. அதனைச் சிறிது பின்னர்க் கூறுவேன்.

அளவு காணும் முறை எளிது. தையற்காரர் நாடா ஒன்றை எடுத்து, இடது உள்ளங்கையைச் சுற்றி, நான்கு விரல்களின் அடிமுட்டிகளையொட்டி, பெருவிரலை விலக்கிச் சுற்றளவைக் குறித்தல் வேண்டும். பின்னர் மணிக்கட்டின் மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை நீளத்தைக் குறித்தல் வேண்டும். இவ்விரண்டையும் செய்தோர் தரும் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுக. ஒருவர் 'நடுத்தரம்' என்பதை மற்றொருவர் 'பெரிது' என்கின்றனர். ஆகவே எழுத்தை நம்பாமல் எண்ணை நம்புதல் நன்று. நுனிவிரல் திறந்த உறைக்குச் சுற்றளவே முதன்மை. விரல் முழுவதும் மூடும் உறைக்கு நீளமும் ஒத்தல் வேண்டும். அகன்ற உள்ளங்கையும் குறுகிய விரல்களும் உடையார் நம்மிடையே பலர். அவர்கள் நீளத்திற்கேற்ப வாங்கினால் உள்ளங்கை இறுகும். அகலத்திற்கேற்ப வாங்கினால் விரல்நுனியில் வெற்றிடம் தொங்கும். அத்தகையோர் நுனி திறந்த உறையை நாடுவதே தக்கது.

ஆனால் நாடா முழு உண்மையையும் சொல்லாது. உறையை அணிந்து, தன்னுடைய மட்டையையே கையிற் பிடித்துப் பார்த்தால்தான் பொருத்தம் விளங்கும். கடைக்குச் செல்லும்போது மட்டையையும் எடுத்துச் செல்பவனைப் பிறர் நகைப்பர், நகைக்கட்டும். கையை மூடும்போது உள்ளங்கைத் துணியில் மடிப்பு விழுகின்றதா என்று முதலில் நோக்குக. அம்மடிப்பே பின்னர்க் கொப்புளமாகும். மட்டையும் அங்கேதான் வழுக்கும். விரலிடுக்குகள் உறையின் இடுக்குகளோடு நன்கு பொருந்தி அமர வேண்டும். இடைவெளி விட்டால் உறை கையிற் சுழலும். கை ஒரு பக்கமும் உறை ஒரு பக்கமுமாகத் திரும்பும்போது மட்டை யார் சொற் கேட்கும்? புறத்திலுள்ள ஓடு பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அத்துண்டுகளின் இணைப்புகள் விரல் மூட்டுகளின் மேல் நேராக வருதல் வேண்டும். அவ்வாறன்றிச் சற்று விலகினால், விரலை மடிக்குந்தோறும் ஓடு எழும்பி நிற்கும். அடிபடும் முட்டி வெளியே தெரியும். இக்குறையுடைய உறை எத்துணை விலையுயர்ந்ததாயினும் காப்பு அன்று; சுமையே.

இன்னும் ஒரு சோதனை உண்டு. வலக்கையை விட்டு, இடக்கை ஒன்றால் மட்டையை இடப்புறமாக நீட்டித் திருப்பித் தரையிற் படுக்கவைத்துப் பார்க்க. முட்டிகளுக்கு முன் உறையின் மெத்தை தரையைத் தொடுகின்றதா? தொட்டால் நன்று. பின்னர் எழுந்து நின்று, பந்தின் மேலாக மட்டையை இருபது முறை இடம் வலமாகத் திருப்புக. மணிக்கட்டுப் பட்டை அத்திருப்பத்தைத் தடுத்தால் அப்பட்டை மிக மேலே ஏறியுள்ளது என்று அறிக. முழு உள்ளங்கை மூடிய உறையை விரும்புவோர் மற்றொன்றும் நினைவிற் கொள்க: உறையின் தடிப்பு கைப்பிடியின் தடிப்போடு கூடும். கைப்பிடியிற் சுற்றியுள்ள நாடாவை மெல்லியதாக மாற்றிக்கொண்டால் பழைய பிடி மீண்டும் கிடைக்கும். சிறிய கையுடையார் இதனைச் செய்யாமல், "உறை போட்டதும் மட்டை கனக்கிறது" என்று குறை கூறுகின்றனர். மட்டை கனக்கவில்லை, பருத்துவிட்டது.

ஆடும் இடத்திற்கும் ஆடும் முறைக்கும் ஏற்ப உறை வேறுபடும் என்பது இனிச் சொல்லாமலே விளங்கும். முன்னணியில் நின்று பந்தை உருட்டிச் சென்று பகைவரை ஏமாற்றுவோனுக்கு உள்ளங்கை முழுதும் திறந்து, விரல்வளையங்களாலும் ஒட்டுப்பட்டையாலும் மட்டுமே கையோடு இணைந்து, புறத்தில் மெல்லிய கடின ஓடு உடைய உறையே உகந்தது. அவன் தடுப்பது சிறுபான்மை, திருப்புவது பெரும்பான்மை. பின்னணியில் நிற்போன் நாள்தோறும் மட்டையைப் படுக்கவைப்பவன். அவன் விரல்நுனிவரை மூடியதும் பக்கவாட்டிலும், சிறப்பாகச் சுண்டுவிரலின் வெளிப்புறத்திலும், மெத்தையுடையதுமான உறையைத் தேர்தல் வேண்டும். நடுவணி ஆட்டக்காரர் இருதொழிலும் புரிவோர். அவர்கள் நிலைதான் அரிது. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, தடுக்கும் தொழிலை முன்னிட்டு ஓட்டையும் திருப்பும் தொழிலை முன்னிட்டுத் திறந்த உள்ளங்கையையும் கொள்க என்பதே. பெனால்டி கார்னரில் உள்ளே தள்ளப்படும் பந்தை நிறுத்துவோன் ஒவ்வொரு முறையும் மட்டையைத் தரையிற் கிடத்தியே நிறுத்துகின்றான். இவனை உறையின்றி அனுப்பும் அணித்தலைவனை எனக்கு மன்னிக்க மனம் வரவில்லை.

அதே பெனால்டி கார்னரில் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். கோல் காவலரோடு சேர்ந்து ஐவரே எல்லைக்கோட்டின் பின் நிற்பர். பந்து புறப்பட்டவுடன் அவருள் ஒருவன், மட்டையால் இழுத்து எறியப்படும் 'டிராக் பிளிக்' பந்தை எதிர்நோக்கி நேரே ஓடுகின்றான். அப்பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வரக்கூடும். அவனுக்கு முகமூடியும் முழங்கால் காப்பும் இருகைகளுக்கும் தடித்த உறையும் வேண்டும். விதியும் அவற்றை அனுமதிக்கின்றது. அந்தத் தடித்த உறையை அவன் அந்த அடி நிகழும்போது மட்டும் அணிந்து, பின் கழற்றி எறிந்துவிட்டுத் தன் இயல்பான உறையோடு ஆடுவான். ஆகவே ஓட்டக்காரனின் உறையை ஆட்டம் முழுவதற்குமான உறையாகக் கருதி வாங்குதல் பெரும்பிழை. களத்தில் ஆடுவோர் அணியும் உறை கையின் இயற்கை அளவை மிகப் பெருக்கக் கூடாது என்பதும் விதி. உள்ளரங்க ஹாக்கியில் பந்தை ஓங்கி அடித்தல் இல்லை, தள்ளுதலே உண்டு, அதனால் மட்டை பெரும்பாலும் படுத்தே கிடக்கும், கையும் கூடவே. அங்கே தடித்த முழுவிரல் உறையே வேண்டும். கோல் காவலரின் காப்புகள் தனி இனம். இடக்கையில் பலகை போன்று பந்தைத் தடுப்பதும், வலக்கையில் மட்டையைப் பிடிக்க இடம் விட்டதுமாக அவை அமைந்துள்ளன. அகலம் 228 மில்லிமீட்டரையும் நீளம் 355 மில்லிமீட்டரையும் கடத்தலாகாது. டோக்கியோவிலும் பாரிசிலும் இந்தியா வெண்கலம் பெற நின்ற ஸ்ரீஜேஷின் கைகளை நினைப்போர்க்கு இதன் பெருமை தெரியும். அதனை விரித்தால் கட்டுரை வேறாகிவிடும்.

வலக்கைக்கும் உறை வேண்டுமா? வேண்டும் என்பார் இப்போது மிகுந்துவருகின்றனர். வலக்கை விரல்கள் மட்டையின் நடுவில் இருப்பதால், மட்டையின் வழியே ஏறிவரும் பந்தும் எதிரியின் மட்டையும் அவற்றைத் தாக்குவதுண்டு. எழுதும் கை பெரும்பாலார்க்கு வலக்கையாதலின், தேர்வுக்கு முந்திய திங்களில் ஆடும் மாணவன் அதனைக் காக்க எண்ணுவதும் நியாயமே. ஆயினும் வலக்கை மட்டையைச் சுழலவிடும் வளையம் என்று மேலே கூறினேன். துணியுறை மாட்டினால் மட்டை உள்ளே எளிதிற் சுழலாது. பின்காவலர் இரண்டும் அணியலாம். பந்துருட்டுவோன் இடக்கையோடு நிற்றலே நலம் என்பது என் துணிபு. மாறுபடுவோர் உளராயின் மைதானத்தில் இரு முறையிலும் ஆடிக்காட்டி என்னைத் திருத்தலாம்.

இனி, நண்பர்கள் கையுறையை மறுக்கும் காரணத்தைப் பார்ப்போம். உறை அணிவோன் அச்சமுடையான் என்ற எண்ணம் ஒருபுறம் இருக்கின்றது. அதற்கு விடை கூற வேண்டுவதில்லை. பெனால்டி கார்னரில் பந்தை எதிர்த்து ஓடுவோனிடம் சென்று யாரும் அதனைச் சொல்லட்டும். உண்மையான காரணம் வேறு. நான் அறிந்த ஓர் அணியில் ஆட்டச் சாமான்களை வைக்கும் சாக்கு ஒன்று உண்டு. அதனுள்ளே பத்துப் பன்னிரண்டு கையுறைகள் கிடக்கும். எல்லாம் ஒரே அளவு, எல்லாம் பெரிது. மொத்தமாக வாங்கியபோது, 'பெரிதாக இருந்தால் எவருக்கும் நுழையும்' என்று எண்ணி வாங்கியிருக்கின்றனர். ஆட்டத்திற்கு முன் சாக்கு கவிழ்க்கப்படும். முந்தினவனுக்குக் கிழியாதது, பிந்தினவனுக்கு நேற்று மற்றொருவன் வியர்வையில் நனைந்து இன்னும் உலராதது. சுண்டுவிரல் உறையின் பாதிவரைகூட எட்டாத சிறிய கையோன் ஒருவன் அதனை மாட்டிக்கொண்டு இரண்டு முறை மட்டை நழுவவிட்டான். மூன்றாம் முறை உறையைக் கழற்றித் தூர எறிந்தான். அவ்வாட்டத்தின் பிற்பாதியில் அவன் மோதிர விரல் முறிந்தது. 'உறை கொடுத்தோம், அவன்தான் அணியவில்லை' என்று பின்னர்ச் சொன்னார்கள். பொருந்தாத உறையைக் கொடுத்தலும் கொடாமையும் ஒன்றே என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மகளிர் அணிகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஆடவர்க்கு வாங்கியதில் எஞ்சியதே அவர்க்கு வருகின்றது. குறுகிய உள்ளங்கைக்கு மிகப் பெரிய உறையை ஒட்டுப்பட்டையால் இறுக்கிக் கட்டியும், உள்ளே கைக்குட்டையைத் திணித்தும் ஆடுவோரைக் கண்டிருக்கிறேன். சிறிய அளவு உறை கடைகளில் கிடைக்காமல் இல்லை. மீரட்டிலும் ஜலந்தரிலும் ஆட்டப் பொருள்கள் செய்வோர் பலர் உளர். சிறுவர் அளவு முதல் எல்லா அளவும் விற்பனைக்கு வருகின்றன. வாங்குவோர் கேட்பதில்லை, அவ்வளவே. ஆண்டின் தொடக்கத்தில் அணியினர் அனைவரின் இடக்கையையும் அளந்து ஒரு தாளில் எழுதினால் அரைமணி நேரம் ஆகுமா? பன்னிரண்டு பெரிய உறைகளுக்குச் செலவிடும் பணத்தில் எட்டுப் பொருத்தமான உறைகள் வாங்கி, தடுக்கும் தொழில் உடையார்க்கு முதலில் கொடுத்தாலும் அது மேலானது. உறையில் ஆட்டக்காரன் பெயரை எழுதி, ஆண்டு முடியுமட்டும் அவனிடமே விட்டுவிடுதல் வேண்டும். காலணியை ஒருவர் மாற்றி ஒருவர் அணிய நாம் ஒப்புவதில்லை. கை மட்டும் என்ன குறைந்தது?

பொருளில்லாத மாணவர் தாமே வாங்க இயலாது என்பதை நான் அறிவேன். கோவில்பட்டியைப் போன்ற ஊர்களில் ஹாக்கி ஏழை வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம். அங்கிருந்து இந்திய அணிவரை சென்றோரும் உளர். மட்டை வாங்குவதே அவ்வீடுகளில் பெருஞ்செலவு. எனவே பொதுப் பணத்தில் வாங்குவதை நான் மறுக்கவில்லை. அப்பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செலவிடுவதையே மறுக்கிறேன். பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டுதோறும் ஆட்டத்துறைக்கு நன்கொடை தருவது பல கல்லூரிகளில் உள்ள வழக்கம். அவர்கள் கோப்பைகளுக்குத் தருவதில் சிறு பகுதியைக் கையுறைகளுக்குத் தரலாம். கோப்பையை வெல்லும் கையும் முறியாமல் இருத்தல் வேண்டுமன்றோ?

வாங்கிய உறையைப் பேணுவதும் ஒரு கலையே. நம் நாட்டு வெயிலில் ஒரு மணி நேர ஆட்டத்தில் உறை வியர்வையால் ஊறிவிடும். நீர் தெளித்த செயற்கைத் தரையானால் வெளியிலிருந்தும் நனையும். நனைந்ததைப் பைக்குள் சுருட்டிவைத்தால் நாற்றம் பிறக்கும். உள்ளங்கைத் தோல் காய்ந்து ஓடுபோலாகும். கடும் வெயிலில் உணக்கினாலும் அதே கேடு. ஆட்டம் முடிந்தவுடன் ஒட்டுப்பட்டையை அவிழ்த்து, உட்புறம் காற்றுப்படுமாறு நிழலில் தொங்கவிட வேண்டும். மாதம் இருமுறை இளஞ்சூட்டு நீரில் சிறிது சவர்க்காரமிட்டு அலசினால் போதும். புறத்திலுள்ள நுரைப்பஞ்சை விரலால் அழுத்திவிட்டால் அது மீண்டும் எழ வேண்டும். எழாமற் குழிந்தே நின்றால் அதன் காலம் முடிந்தது என்று அறிக. ஓட்டில் கீறல் கண்டாலும் அவ்வாறே. புதிய உறையைப் போட்டியன்று முதன்முதலாக அணிந்து செல்லாமல், பத்து நாள் பயிற்சியில் அணிந்து கைக்குப் பழக்கிக்கொள்க. முதல் இரண்டு நாளில் மட்டை சிறிது அந்நியமாகத் தோன்றும். பொருத்தமான உறையாயின் அவ்வார இறுதிக்குள் அவ்வுணர்வு மறையும். மறையாவிடின், கடைக்காரர் மாற்றித் தரும் நாள் கடவாமுன் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஓர் அளவு சிறியதைக் கேட்டு வாங்குக.